வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்: பேச்சு முதலா, எழுத்து முதலா?

கரும்பலகை:
ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் மட்டும் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் என் முதல் வகுப்பில் ஒரே பாயில் அமர்கிறார்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அனைவருக்கும் தமிழ் உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரு சாராருக்கும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் எழுத்தைக் கற்பிப்பது சரியா என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு தெலுங்கு வீட்டுச் சிறுமி ஒருத்தி ட, ப, ம, ர என்று பழகி, 'மரம்' என்ற சொல்லைத் தடங்கலின்றி வாசித்தாள். மரம் எங்கே என்று கேட்டேன்; அட்டையில் இருந்த எழுத்தின் மீதே விரலை வைத்தாள். சன்னலுக்கு வெளியே நின்ற வேம்பைக் காட்டி, இது என்ன என்றதும் முகம் மலர்ந்து 'செட்டு' என்றாள். பக்கத்தில் இருந்த கன்னட வீட்டுப் பையனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவன் மொழியில் அது 'மர'. இத்தகைய பிள்ளைகளுக்கு முதல் அரையாண்டு பேச்சுத் தமிழை மட்டும் வளர்த்துவிட்டு, அதன் பிறகே எழுத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

படித்துறை:
அம்மா, விழுப்புரம் மாவட்டத்தில் 32 ஆண்டுகள் முதல் இரண்டு வகுப்புகளையே நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சொற்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் வேளையில் மற்றவர்கள் கையில் ஒரு எழுத்துகூட இல்லாமல் நின்றால், 'மெதுவாகப் படிக்கும் பிள்ளை' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை ஐந்தாம் வகுப்பு வரையிலும் துடைக்க முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மேலும், தமிழ் எழுத்து ஒலிப்படி அமைந்தது. ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்குப் பாடநூல் தமிழ் சொந்த மொழி என்று எண்ணிவிட வேண்டாம். 'அஞ்சு' என்று எண்ணியவன் 'ஐந்து' என்று வாசிக்க வேண்டும். 'வந்துச்சு' என்று பேசியவன் 'வந்தது' என்று எழுத வேண்டும். அவனும் ஒரு வகையில் இரண்டு மொழிகளுக்கு நடுவேதான் நிற்கிறான்.

கரும்பலகை:
ஐயா, ஒலிப்படி அமைந்தது என்றீர்கள். 'குடம்', 'குணம்' இரண்டிலும் முதல் எழுத்து 'கு'தான், ஒலி ஒன்றா? 'பல்' என்பதிலும் 'பயம்' என்பதிலும் வரும் 'ப' ஒன்றா? 'பாவம்' என்று எழுதிக் காட்டினால், செய்த பாவமா, முகத்தின் பாவமா என்பது சொல்லை முன்பே கேட்டறிந்த பிள்ளைக்குத்தான் விளங்கும். தமிழ் வீட்டுப் பிள்ளை தடுமாறாமல் வாசிப்பது எழுத்தின் உதவியால் மட்டுமன்று, காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லின் உதவியாலும்தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அந்த உதவி இல்லை.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறோம். எழுத்தே தெரியாத பிள்ளையும், எழுத்து தெரிந்து சொல் தெரியாத பிள்ளையும் ஒன்றாக அரும்பில் விழுகிறார்கள். இருவருக்கும் வேண்டியது வேறு வேறு.

அக்கரைத் தாய்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆங்கிலமே மேலோங்கிவிட்டது. மகன் ஐந்து வயதில் இரண்டு மொழி எழுத்துகளையும் ஒரே காலத்தில் கற்றான். 2005இல் எல்லன் பியாலிஸ்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன், இரு மொழிகளின் எழுத்துமுறைகளும் ஒத்த அடிப்படையில் அமைந்திருந்தால், மற்றதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. என் மகனிடம் அந்த உதவியையும் கண்டேன், அதன் எல்லையையும் கண்டேன். ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பழகியவன், 'கொடி'யை 'கெ' என்று தொடங்கி, பின்னால் வரும் காலைக் கண்டதும் 'கெ-ஆ-டி' என்று திகைத்து நின்றான். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்க அவனுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. ஆனாலும் எழுத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் அவன் தமிழுக்கே வந்திருக்க மாட்டான். ஆகவே நான் ஐயாவின் பக்கம்.

கரும்பலகை:
சகோதரி, உங்கள் மகனிடம் ஆங்கில எழுத்து இருந்தது. அதிலிருந்து கடந்து வருவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. என் மாணவியிடம் தெலுங்கு எழுத்து எதுவுமே இல்லை. செவிவழித் தெலுங்கு மட்டுமே உண்டு. அதையே முதலாகக் கொள்ள வேண்டும் என்றால், மூன்று மொழிக்கும் பொதுவான சொற்களிலிருந்து தொடங்கலாம் அல்லவா? கண், கால், ஊர் ஆகிய மூன்றும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன.

படித்துறை:
'கண்' என்று தொடங்கினால் மூன்று சுழி ண-வை ஐந்து வயதுக் கை முதல் வாரத்திலேயே எழுத வேண்டும். நேர்கோட்டு ட-வையும் ப-வையும் முன்னால் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் நீங்கள் சொன்ன சொற்களை நேற்று இரவு மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்தேன். தெலுங்கில் காலு, கன்னடத்தில் காலு. எங்கள் ஊர்ப் பிள்ளை என்ன சொல்கிறான்? அவனும் 'காலு வலிக்குது' என்றே சொல்கிறான். கண்ணு, ஊரு என்பவையும் அப்படியே. மூன்று வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் ஒரே சொல் இருக்கிறது. 'கால்' என்ற எழுத்து வடிவம் மூவருக்கும் ஒரே அளவு புதிது. அப்படியிருக்க, ஒரு சாராரை மட்டும் அரையாண்டு காத்திருக்க வைப்பது எப்படி நியாயமாகும்?

கரும்பலகை:
அந்தச் சொற்களைப் பொறுத்தவரை நியாயமில்லைதான், ஐயா, ஒப்புக்கொள்கிறேன். வாசிக்க வைப்பதும் எழுத வைப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை என்பதால், ண-வை இப்போது கண்ணால் அறிந்து, பிறகு கையால் எழுதட்டும். வரும் ஜூனில் கண், கால், ஊர் மூன்றையும் எல்லோருக்கும் சேர்த்தே கற்பிக்கிறேன். 'தண்ணீர்' வேறு, அது தெலுங்கு வீட்டில் 'நீள்ளு'. அதையும் 'மரம்' என்பதையும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அட்டையில் காட்டும் முன், குடத்தடியிலும் வேம்படியிலும் நின்று சில வாரங்கள் பேசுவேன்.