கேம் பப்ளிஷர்களைச் சந்தித்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

இண்டி கேம் (பெரிய கம்பெனி இல்லாமல் சிறு குழுவாகச் செய்யும் கேம்) செய்பவர்கள் இங்கே சிலர் இருப்பது தெரியும். பப்ளிஷரோடு (பணம் போட்டு கேமை வெளியிட்டு விற்றுத்தரும் கம்பெனி) பேசியவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், வேண்டாம் என்று திரும்பி வந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஹைதராபாத்தில் ஐஜிடிசி என்ற கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் ஒரு வெளிநாட்டு பப்ளிஷரின் ஸ்கவுட்டோடு (புது கேம்களைத் தேடிப் பிடிப்பவர்) உட்கார வாய்ப்புக் கிடைத்தது. கதை, உலகம், பாத்திரங்கள் என்று நான் ஜோடித்து வைத்திருந்த ஸ்லைடுகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "பில்டு (விளையாடிப் பார்க்கிற பதிப்பு) இருக்கா?" என்று கேட்டு கன்ட்ரோலரை வாங்கியவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் விளையாடினார், அப்புறம் பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி கேள்விகளை அடுக்கினார். எத்தனை பேர், மாதச் செலவு என்ன, முடிக்க இன்னும் எவ்வளவு நாள், எங்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோர் "எல்லாமே" என்பார்களாம். எனக்கு வேண்டியது ஸ்விட்ச் போர்ட்டும் (நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் ஓடும்படி கேமை மாற்றுவது) சீன, ஜப்பானிய மொழிபெயர்ப்பும்தான் என்று பட்ஜெட் ஷீட்டைத் திறந்து காட்டினேன், அங்கிருந்துதான் பேச்சு சூடு பிடித்தது.

மெயில் அனுப்புபவர்களுக்கு ஒன்று. ஸ்டீம் (கணினி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடை) பக்கம், ஆரம்பத்திலேயே கேம்ப்ளே தெரிகிற டிரெய்லர், டெமோ கீ (டெமோவைத் திறக்கும் குறியீடு), கேட்கிற தொகை, இவ்வளவு போதும். அந்தக் கம்பெனி இதுவரை என்னென்ன கேம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஹாரர் மட்டுமே எடுப்பவர்களுக்கு விவசாய கேமை அனுப்பிவிட்டு பதில் வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை. என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) போட்டால்தான் காட்டுவேன் என்று முதல் மெயிலிலேயே நிபந்தனை வைக்கவும் வேண்டாம், உங்கள் ஐடியாவைத் திருட அவர்களுக்கு நேரமில்லை!

——

நான் கையெழுத்துப் போட்ட கட்சி. பெயர் வேண்டாம். எங்கள் கேமை எடுத்த புரொட்யூசர் பாதியில் வேலையை விட்டுப் போனார், அவர் இடத்துக்கு வந்தவர் கேமை விளையாடிக்கூடப் பார்க்கவில்லை, ரிலீஸ் வாரத்தில் ஒரு ட்வீட் போட்டதோடு சரி.

பணக் கணக்கைச் சொல்கிறேன், புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 100 ரூபாய்க்கு விற்றால் வழக்கமாக ஸ்டீம் 30 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 70. இதில் பப்ளிஷர் முதலில் தான் கொடுத்த முன்பணத்தைக் கழிப்பார், இதுதான் ரிகூப். பல ஒப்பந்தங்களில் விளம்பரச் செலவும் போர்ட் செலவும் இதோடு சேரும். அந்தச் செலவுக்கு உச்சவரம்பு எழுதாவிட்டால் ரிகூப் கோடு நகர்ந்துகொண்டே போகும், உங்கள் பங்கு 50 சதவீதமோ 70 சதவீதமோ, காகிதத்தில் மட்டும் இருக்கும். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை, அவர்கள் கேமை வெளியிடாமல் கிடப்பில் போட்டால் உரிமை நமக்குத் திரும்புவது, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரா ஃபியூரி என்ற பப்ளிஷர் 2021ல் தன் ஒப்பந்தப் படிவத்தைப் பொதுவில் வெளியிட்டது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்கு வந்ததைப் படித்துப் பாருங்கள். பெரிய பெயர் என்றும் அசந்துவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் அன்னபூர்ணா இன்டராக்டிவ் என்ற பப்ளிஷரின் ஊழியர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்களே, அவர்களிடம் கேம் கொடுத்திருந்தவர்கள் நிலைமையை யோசியுங்கள்.

——

பப்ளிஷரே வேண்டாம் என்ற முடிவில் இருந்த ஆள் நான். நூறு டாலர் கட்டினால் ஸ்டீமில் யாரும் போடலாம், ஆயிரம் டாலர் வருமானம் வந்தால் அந்த நூறும் திரும்பிவிடும். அப்புறம் எதற்கு இடையில் ஒருவர்?

டொராண்டோவின் விசை கேம்ஸ் தங்கள் 'வெண்பா' கேமை 2023ல் தாங்களே வெளியிட்டார்கள். முதல் நாளே கேம் பாஸிலும் (மைக்ரோசாஃப்டின் சந்தா சேவை) வந்தது, அடுத்த ஆண்டு ஐஜிஎஃப் (இண்டி கேம்களுக்கான விழா) பெரும்பரிசு, பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுக கேம் விருது. இதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம், சரி. ஆனால் புனேக்காரர்களின் 'ராஜி' கேமையும் பாருங்கள். 2017ல் கிக்ஸ்டார்டர் (பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளம்) கைகொடுக்கவில்லை, கடைசியில் பப்ளிஷரோடு சேர்ந்து 2020ல் வெளிவந்தது. கையில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது, கொள்கை எல்லாம் அப்புறம்தான்.

என் விஷயத்தில் ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்தான் திருப்பம். ஒரு கேம் ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும் என்பதால் டெமோ நன்றாக மெருகேறும் வரை காத்திருந்தேன். விஷ்லிஸ்ட் (வாங்க நினைத்துக் குறித்துவைப்போர் எண்ணிக்கை) ஏறத் தொடங்கியதும் நான் முன்பு மெயில் அனுப்பி பதிலே வராத ஒரு கம்பெனி தானாக எழுதியது, பழைய மெயிலைப் பற்றி மூச்சே இல்லை. வந்தவர்களில் சில போலிகளும் உண்டு, "பப்ளிஷிங் பேக்கேஜ்" என்று நம்மிடமே பணம் கேட்டால் அந்த மெயிலை அப்படியே அழித்துவிடுங்கள்.

——

ரிகூப் பற்றி எழுதிய அண்ணா, எங்களுக்கு வந்திருக்கும் வரைவில் விளம்பரச் செலவு "நியாயமான அளவில்" என்று மட்டும்தான் இருக்கிறது, தொகை இல்லை. எண் போடச் சொல்லிக் கேட்டால் டீல் கைவிட்டுப் போகுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.

——

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. எண் போட மறுத்தால், ஒவ்வொரு விளம்பரச் செலவுக்கும் முன்கூட்டியே உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கெடுவை நீட்டச் சொல்லிவிட்டு வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதற்கே டீலை முறிப்பவர்கள் ரிலீஸுக்குப் பிறகு உங்கள் போனை எடுக்கப் போவதில்லை.