தரம் 7 விஞ்ஞானம்: ஆய்வுகூடம் இல்லாமல் ஆவியாதல், கொதித்தல், கரைதல் எப்பிடிச் செய்து காட்டலாம்?

மாங்குளத்து ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ஆய்வுகூடம் எண்டு தனியா ஒண்டுமில்லை, ஒரு அலுமாரிக்குள்ள ரெண்டு மூண்டு முகவை, ஒரு வெப்பமானி, ஒரு மதுசார விளக்கு, அவ்வளவுதான் கிடக்கு. ஆவியாதல் பாடம் தொடங்கி தண்ணியின்ர கொதிநிலை 100 பாகை எண்டு கரும்பலகையில எழுதின உடன பின் வாங்கில இருந்த ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர் அப்ப கொடியில போட்ட உடுப்பு கொதிக்காமலே எப்பிடிக் காயுது?" எண்டு கேட்டான். கேள்வி எனக்கு நல்லாப் பிடிச்சுது, விளக்கமும் சொன்னன், ஆனா பிள்ளையளின்ர முகத்தைப் பாத்தால் நான் சொன்னதுக்காகத் தலையாட்டினமே தவிர விளங்கின மாதிரித் தெரியேல்லை. அவை தாங்களே கையால செய்து கண்டுபிடிக்கிற மாதிரி, கடையில வீட்டில கிடைக்கிற சாமானை வச்சுச் செய்யக்கூடியதா என்ன இருக்கு? கொதித்தலும் கரைதலும் அடுத்தடுத்து வருது, அதுக்கும் சேத்துச் சொன்னா பெரிய உதவி.

கிளிநொச்சி பழைய வாத்தி:

பிள்ளை, அந்தப் பெடியனின்ர கேள்வியை கரும்பலகையின்ர ஒரு மூலையில எழுதி பாடம் முடியுமட்டும் அழியாம வச்சிருங்கோ, மூண்டு பாடத்துக்கும் அந்த ஒரு கேள்வியே போதும். முப்பது வருசத்துக்கு மேல படிப்பிச்சவன் எண்ட முறையில ஒண்டு சொல்லுறன், எந்தப் பரிசோதனையும் தொடங்க முன்னம் என்ன நடக்கும் எண்டு பிள்ளையள் கொப்பியில எழுதோணும், எழுதாட்டி முடிவைப் பாத்திட்டு எல்லாரும் "எனக்கு முதலே தெரியும்" எண்டுவினம்.

ஆவியாதலுக்கு முகவையே வேண்டாம். விறாந்தைச் சீமெந்து நிலத்தில ஒரு கரண்டி தண்ணியை ஊத்திப் பரப்பிவிட்டு ஈரத்தின்ர ஓரத்தைச் சுத்தி சோக்கால கோடு போடச் சொல்லுங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பவும் ஓரத்தைக் கீறினா ஒண்டுக்குள்ள ஒண்டா வளையம் வரும், முதல் ஓரம் காயும், நடு கடைசியாத்தான் காயும். பக்கத்தில அதேயளவு தண்ணியைப் பரப்பாம குவிச்சு விடுங்கோ, இன்னொண்டை வெயிலில, இன்னொண்டுக்குக் கொப்பி மட்டையால விசுக்குங்கோ. ஒருக்கா ஒண்டை மட்டும்தான் மாத்தோணும், வெயிலையும் காத்தையும் சேத்து மாத்தினா எதால காய்ஞ்சுது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.

பிறகு எவர்சில்வர் தட்டில ஒரு சொட்டு சேர்ஜிக்கல் ஸ்பிரிட், ஒரு சொட்டு தண்ணி, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். ஸ்பிரிட் பாத்துக்கொண்டிருக்கவே போயிடும், தண்ணி கொஞ்சம் நிண்டு போகும், எண்ணெய் அடுத்த நாளும் அப்பிடியே கிடக்கும். ஸ்பிரிட்டில இருக்கிற எதனோல் 78 பாகையில கொதிக்கிற சாமான், அதின்ர துணிக்கையள் தண்ணியிலும் பாக்க லேசாப் பிரிஞ்சு போகும். ஸ்பிரிட்டை புறங்கையில பூசிப் பாக்கச் சொல்லுங்கோ, ஊசி போட முன்னம் நேர்ஸ் துடைக்கேக்க குளிருமே அதுதான், எல்லாப் பிள்ளைக்கும் ஞாபகம் வரும்.

உந்தக் குளிர்தான் அந்தப் பெடியனுக்கு விடை. தண்ணிக்குள்ள எல்லாத் துணிக்கையும் ஒரே வேகத்தில ஓடுறேல்லை, மேற்பரப்பில நிக்கிறதுகளில வேகமானது எந்த வெப்பநிலையிலயும் தப்பிப் போகும், வேகமானது போனா மிச்சம் மெதுவானதுதானே, அதாலதான் குளிருது. வெப்பமானிக் குமிழைச் சுத்தி ஈரப் பஞ்சைக் கட்டி காத்தில பிடிச்சா பாகை இறங்கிறது கண்ணுக்குத் தெரியும். சோளகக் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில நல்லா இறங்கும், மாரி மழைக்குள்ள செய்தா பெரிசா இறங்காது, ஏனெண்டால் அப்ப காத்தே ஈரம் பிடிச்சு நிக்கும். ரெண்டு காலத்திலயும் செய்யுங்கோ.

முள்ளியவளை செந்தூரன்:

ஐயா ஆவியாதலை வடிவாச் சொல்லிட்டார், நான் கொதித்தலுக்கு வாறன். முதல்ல ஒரு எச்சரிக்கை, காய்ச்சல் பாக்கிற வெப்பமானியை ஒருத்தரும் சுடுதண்ணிக்குள்ள வைக்கக் கூடாது, அது 42 பாகை மட்டும்தான், வெடிச்சுப் போகும், பழைய வகையெண்டால் உள்ளுக்கு இரசமும் இருக்கு. 110 பாகை வரைக்கும் காட்டிற ஆய்வுகூட வெப்பமானிதான் வேணும்.

முகவையில தண்ணியை வச்சு ஒவ்வொரு நிமிசமும் பாகையை எழுதி வரைபு கீறச் சொல்லுங்கோ. கோடு ஏறி ஏறிப் போய் 100க்குக் கிட்ட படுத்திடும், அதுக்குப் பிறகு எவ்வளவு நெருப்பு எரிச்சாலும் ஏறாது. இந்த இடத்தில பிள்ளையள் வெப்பமானி பழுது எண்டு சொல்லுவினம், அவசரப்பட்டு விளக்காதேங்கோ, அப்ப அந்த நெருப்பெல்லாம் எங்க போகுது எண்டு கேளுங்கோ. ஒரு கிலோ தண்ணியை 30இல இருந்து 100 பாகைக்கு ஏத்த கிட்டத்தட்ட 294 கிலோயூல் காணும், அந்த 100 பாகைத் தண்ணி முழுக்க ஆவியாகோணும் எண்டால் 2260 கிலோயூல் வேணும், ஏழரை மடங்குக்கு மேல! மறைவெப்பம் (பாகையை ஏத்தாம தண்ணியை ஆவியாக்கப் போற வெப்பம்) எண்டு நாங்கள் பாடமாக்கின சொல்லு இந்தப் படுத்த கோட்டில கண்ணுக்கு முன்னால கிடக்கு. எங்கட ஊரில கருப்பநீர் காய்ச்சிற ஆக்களைப் பாத்தால் பனங்கட்டிக்கு வருமட்டும் மணிக்கணக்கா விறகு தள்ளுவினம், கொதி கெதியா வந்திடும், தண்ணியை வெளியேத்திறதுக்குத்தான் அந்த விறகெல்லாம்.

அடுத்தது குமிழி. குமிழிக்குள்ள என்ன எண்டு கேட்டால் முக்கால்வாசிப் பேர் காத்து எண்டுவினம். முதல் சூடேறேக்க முகவையின்ர சுவரில ஒட்டிக்கொண்டு வாற சின்னக் குமிழி உண்மையில காத்துத்தான், தண்ணியில கரைஞ்சிருந்தது சூட்டுக்கு வெளியேறுது. ஆனா பிறகு அடியில இருந்து பெரிசா எழும்பி வாறது முழுக்க நீராவி. கேத்தில் மூக்கை உத்துப் பாக்கச் சொல்லுங்கோ, மூக்கு வாயில இருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒண்டுமே தெரியாது, அதுக்கு அங்கால இருந்துதான் வெள்ளைப் புகை தொடங்கும். தெரியாத அந்த இடத்திலதான் நீராவி நிக்குது, வெள்ளையாத் தெரியிறது குளிர்ந்து திரும்பவும் தண்ணியான சின்னத் துளியள். அதில ஒரு குளிர்ந்த மூடியைப் பிடிச்சா (கையை இல்லை, நீராவி தோலை உரிச்சிடும்) தண்ணி வடியும்.

சுகந்தி_முல்லை:

உப்புப் போட்டா தண்ணி கெதியாக் கொதிக்கும் எண்டு பிள்ளையள் கட்டாயம் சொல்லுவினம் ரீச்சர், அதையும் செய்து பாக்க விடுங்கோ. கொதிக்கப் போற தண்ணிக்குள்ள உப்பைப் போட்டா புஸ் எண்டு குமிழி எழும்பும், அதைப் பாத்துத்தான் சனம் அப்பிடிச் சொல்லுறது. உப்பின்ர ஓரத்தைப் பிடிச்சுக்கொண்டு குமிழி உருவாகிறது லேசு, அதுதான் விசயம். கொதிநிலை உண்மையில கூடும், ஒரு கிலோ தண்ணிக்கு 58 கிராம் உப்பு போட்டால் ஒரு பாகைதான், கறிக்குப் போடுற உப்புக்கு வெப்பமானியில ஒண்டும் தெரியாது.

கரைதலுக்கு முதல் செய்யவேண்டியது நிறுவை. சின்ன டிஜிற்றல் தராசு பலசரக்குக் கடையில கேட்டு வாங்கலாம். மூடி போட்ட போத்தலுக்குள்ள தண்ணி, மூடிக்கு மேல சின்னத் தாளில உப்பு, எல்லாத்தையும் சேத்து நிறுங்கோ. பிறகு உப்பை உள்ளுக்குப் போட்டு மூடிக் குலுக்கி, அந்தத் தாளையும் வச்சு திரும்ப நிறுங்கோ. உப்பைக் காணேல்லை, நிறை மாறேல்லை. கரைஞ்சா இல்லாமப் போச்சு எண்டு நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பிறகு எவ்வளவு கரையும் எண்டு பாருங்கோ. 50 மில்லிலீற்றர் தண்ணியில உப்பு 18 கிராம் அளவில நிண்டிடும், மிச்சம் அடியில கிடக்கும், சூடாக்கினாலும் பெரிசாக் கூடாது. சீனி அதே தண்ணியில சாதாரண சூட்டிலயே 100 கிராம் கரையும், சூடாக்கினா அதைவிட இரண்டு மடங்குக்கு மேல போகும். சூடாக்கினா எல்லாம் கூடக் கரையும் எண்டு எழுதிற பிள்ளையளுக்கு இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டோணும்.

உப்புக்கு ஆனையிறவை விட்டிட்டுக் கதைக்கேலாது, பஸ்ஸில போகேக்க எல்லாப் பிள்ளையும் உப்பளத்தைப் பாத்திருக்கும். கடல் தண்ணியில ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவில உப்புகள் இருக்கு, பத்தில ஒம்பது பங்கு தண்ணி போனாப்பிறகுதான் கறியுப்பு விழத் தொடங்கும், அதுக்கு முதலே கல்சியம் சல்பேற்று விழுந்திடும், அதாலதான் பாத்தி பாத்தியா மாத்திறது. கடைசியா மிஞ்சிற தண்ணி கைக்கும், அதில மக்னீசிய உப்புகள். அகலத் தட்டில கடல் தண்ணியை வெயிலில வச்சாலே வகுப்பில பளிங்கு எடுக்கலாம், ஆட்டாம வச்சா சதுரம் சதுரமா வரும், கைவில்லையால பாருங்கோ.

பாமசி தம்பி:

ஊசி இல்லாத 10 மில்லி சிறிஞ்சு ஒண்டு வாங்குங்கோ ரீச்சர், விலை பெரிசில்லை. ஒருக்கா கொதிக்க வச்சு 60 பாகை அளவுக்கு ஆறின தண்ணியை கால்வாசிக்கு எடுத்து, காத்தை வெளிய தள்ளி, நுனியை சின்ன றப்பர் மூடியால இறுக்கிக் கொண்டு பிஸ்ரனை இழுங்கோ. தண்ணி கொதிக்கும்! முதலே கொதிக்க வைக்கிறது ஏனெண்டால் செந்தூரன் அண்ணை சொன்ன கரைஞ்ச காத்தை வெளியேத்த, இல்லாட்டி வாற குமிழி எது எண்டு சந்தேகம் வரும். அமுக்கம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும், நுவரெலியாவில 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும், எங்கட வன்னி தாழ்ந்த இடம் எண்டபடியா 100க்குக் கிட்ட வருது. இதை ரீச்சர்தான் இழுக்கோணும், பிள்ளையள் பாக்கட்டும்.

ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு சொல்லு, விளக்கு எரியிற மேசையில ஸ்பிரிட் போத்தல் இருக்கவே கூடாது, ரெண்டு பரிசோதனையையும் வேற வேற நாளில செய்யுங்கோ. மதுசார விளக்கை ஊதி அணைக்காதேங்கோ, மூடியாலதான் அணைக்கோணும்.

மாங்குளத்து ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, சோக்குக் கோட்டில இருந்து தொடங்கப் போறன். இன்னொண்டு, எங்கட பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுது, அதுவும் உப்புத்தானோ எண்டு பிள்ளையள் கேக்கினம்.

சுகந்தி_முல்லை:

கறியுப்பில்லை ரீச்சர், கூடுதலா கல்சியம் காபனேற்று. தண்ணிக்குள்ள கல்சியம் இருகாபனேற்றாக் கரைஞ்சிருந்தது சூட்டுக்குப் பிரிஞ்சு படியுது. கொஞ்சம் சுரண்டி எடுத்து தேசிக்காய்ப் புளி விடுங்கோ, நுரைக்கும், கறியுப்புக்கு நுரைக்காது. கிணத்துத் தண்ணி, மழைத் தண்ணி, குளத்துத் தண்ணி மூண்டிலயும் ஒவ்வொரு கரண்டி எடுத்து கறுப்புத் தட்டில வெயிலில காயவிட்டா எதில எவ்வளவு மிஞ்சுது எண்டு பிள்ளையளே பாத்துச் சொல்லுவினம்.