புனலூர் ஸ்விஃப்ட் டீசல், கையில் பத்து பில்: மீட்டரை நம்பலாமா?

செங்கோட்டை வாசி

ஃபோரம் அண்ணாச்சிகளே, புனலூர்ல ஒரு வண்டி பேசி வச்சிருக்கு. 2016 ஜூன் மாச ஸ்விஃப்ட் வி.டி.ஐ., கே.எல். 25 நம்பர், ரெண்டாவது ஓனர். மீட்டர்ல 71,300. ஓனர் பில் ஃபைலை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். அதுல இருக்கிற மாசமும் அப்ப மீட்டர்ல இருந்த கிலோமீட்டரும் இவ்வளவுதான்:

2016 ஜூலை 1,020, அக்டோபர் 5,100, 2017 ஜனவரி 9,850, ஜூன் 19,600, நவம்பர் 28,700, 2018 மே 37,900, 2019 ஏப்ரல் 54,700. இந்த ஏழும் கம்பெனி சர்வீஸ். அப்புறம் வெளி ஒர்க்‌ஷாப் பில் மூணு: 2020 நவம்பர் 58,200, 2022 ஜனவரி 62,500, 2024 பிப்ரவரி 67,100. 2022 பில்லுல "டைமிங் பெல்ட் மாற்றியது"ன்னு இருக்கு, அதனால அந்தச் செலவு இனி வராதுன்னு சொல்றார்.

வண்டி பாக்க சுத்தமா இருக்கு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த ரெக்கார்டு நிஜம்தானான்னு எப்படி உறுதி பண்றது?

ஜாப் கார்டு

தம்பி, பில் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பில்தான். இரண்டு பில்லுக்கு நடுவில் எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பாருங்கள். உங்கள் கணக்கையே போடுகிறேன்.

2016 ஜூலையிலிருந்து 2019 ஏப்ரல் வரை 33 மாதத்தில் 53,680 கி.மீ. மாதம் 1,600க்குச் சற்று மேல். நடுவில் 1,350க்கும் 1,950க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது, அதாவது ஒழுங்காக ஓடிய வண்டி. அடுத்த 19 மாதத்தில் வெறும் 3,500. மாதம் 185 கூட இல்லை. கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய 11 மாதத்துக்கு அந்தக் காரணம் செல்லாது. ஓனர் மாறியிருந்தால் ஓட்டம் குறையலாம், அது நியாயமான பதில். ஆனால் கம்பெனி சர்வீஸ் நின்ற அதே இடத்தில் ஓட்டமும் சரிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஓட்டத்தில் பாதி ஓடியிருந்தாலே இந்நேரம் 1 லட்சம் தாண்டியிருக்கும்.

இன்னொரு ஓட்டை. 37,900க்கும் 54,700க்கும் நடுவில் ஒரு சர்வீஸ் காணோம். இந்த வண்டிக்கு 10,000க்கு ஒரு சர்வீஸ், 47,000 வாக்கில் ஒன்று இருந்திருக்க வேண்டும். காணாமல் போன அந்த மாதங்களுக்குள் 2018 ஆகஸ்ட் வருகிறது. அந்த மாதம் வந்த கேரள வெள்ளத்தில் பந்தளம், செங்கன்னூர் பக்கம் எத்தனை வண்டி மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும். இப்போது புனலூரில் நிற்கிற வண்டி அப்போது எங்கே நின்றது என்பது ஆர்.சி.யைப் பார்த்தால் தெரியாது. அந்த பில் வேண்டுமென்றே எடுக்கப்பட்டதா, வெறுமனே தொலைந்ததா என்று பார்த்தாக வேண்டும்.

அதற்கு வழி சுலபம். ஓனரையும் ஆர்.சி.யையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மாருதி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். புனலூரே ஆகணும் என்றில்லை, தென்காசியிலும் பார்க்கலாம். வண்டி நம்பரையோ சேஸிஸ் நம்பரையோ போட்டால் தேதி, மீட்டர், ஜாப் கார்டு எண், மாற்றிய பாகம் எல்லாம் சர்வீஸ் அட்வைசரின் திரையில் வரும். ஓனர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்ட மாட்டார்கள். "நேரமில்லை, நீங்களே போய்ப் பாருங்கள்" என்று ஓனர் நழுவினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் மூன்று விஷயம் தேடுங்கள். பாடி ஷாப் வேலை ஏதாவது இருக்கிறதா. 2018 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஈ.சி.எம். (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங், கார்ப்பெட், எல்லா ஆயிலும் ஒரே நேரத்தில் மாற்றியது போன்ற பதிவு இருக்கிறதா. மீட்டர் அசெம்பிளி மாற்றியதாக வரி இருக்கிறதா. கடைசியது இருந்தால் மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியிருக்கும், பழைய ஓட்டத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அது திருட்டு அல்ல, ஆனால் விற்பவர் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆரியங்காவு ரோடு

வெளி ஒர்க்‌ஷாப் பில்லுக்குத் திரை கிடையாது. அதுக்குப் பில்லே சாட்சி சொல்லும், அதுவும் கேரளா பில் ரொம்பத் தெளிவா சொல்லும்.

முதல்ல ஜி.எஸ்.டி. எண். கேரளா கடைன்னா 32ல தொடங்கணும், நம்ம ஊர்க் கடைன்னா 33, ஆந்திரான்னா 37. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்துல போட்டா கடைப் பேர், எந்தத் தேதியில பதிவாச்சு, இப்ப உயிரோட இருக்கா ரத்தாகிடுச்சான்னு இலவசமாவே வரும். பில் தேதிக்கு அப்புறம் பதிவான கடைன்னா அந்த பில் பின்னாடி அடிச்சது.

ரெண்டாவது வரி. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1. உங்க 2017 ஜூன் பில் வரைக்கும் வாட், சர்வீஸ் டாக்ஸ்தான் இருக்கணும். அதுல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.ன்னு பிரிச்சிருந்தா அங்கயே நிறுத்திடலாம். அதுக்கப்புறம் வந்த பில்கள்ல பிரேக் பேட், கிளட்ச் மாதிரி பாகத்துக்கு 28 சதவீதம், லேபருக்கு 18. பாகத்துக்கும் 18ன்னு ஆனது 2025 செப்டம்பர் 22லதான்.

மூணாவது, போலி பில் அடிக்கிறவங்க மறந்துடற ஒண்ணு. 2019 ஆகஸ்ட் 1லேருந்து 2021 ஜூலை 31 வரைக்கும் கேரளாவுல 1 சதவீதம் வெள்ள செஸ் இருந்துச்சு. அங்க பிரளய செஸ்னு சொல்லுவாங்க, பில்லுல கே.எஃப்.சி.ன்னு வரும். ஜி.எஸ்.டி. எண் இல்லாத சாதாரண கஸ்டமருக்குக் குடுத்த பில்லுல அந்த வரி இருந்தே ஆகணும். உங்க 2020 நவம்பர் பில் சரியா அந்தக் காலத்துக்குள்ள விழுது. சின்னக் கடை, காம்பொசிஷன் திட்டத்துல (மொத்த விற்பனைக்குக் கொஞ்சமா ஒரே வரி கட்டுறது) இருக்கிறவங்க, செஸ் வாங்க மாட்டாங்க, ஆனா அவங்க ஜி.எஸ்.டி.யும் தனியா வாங்க முடியாது. அதனால சி.ஜி.எஸ்.டி. 9, எஸ்.ஜி.எஸ்.டி. 9ன்னு பிரிச்சுப் போட்டுட்டு செஸ் மட்டும் இல்லைன்னா, அந்த பில்லைக் கேள்வி கேட்காம விடாதீங்க. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துச் சொல்லுங்க.

பில் நம்பரையும் பாருங்க. ஒரே ஒர்க்‌ஷாப், 2020க்கும் 2024க்கும் நடுவுல பில் நம்பர் அஞ்சாறுதான் கூடியிருக்குன்னா மூணும் ஒரே நாள் கிழிச்சதா இருக்கலாம். வருசா வருசம் ஏப்ரல்ல நம்பரைப் புதுசா தொடங்குற கடையும் உண்டு, அதையும் மனசுல வச்சுக்கோங்க. மூணு பில்லுலயும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மடிப்புன்னாலும் யோசிக்கணும்.

டீசல் ஃபிட்டர்

அந்த 1.3 டீசல் எஞ்சின்ல டைமிங் பெல்ட் கிடையாது. செயின். மாத்தாத ஒண்ணுக்கு பில் போட்டிருக்காங்க, இல்லன்னா ஆல்டர்னேட்டர் ஓடுற ஃபேன் பெல்ட்டை மாத்திட்டு எழுதத் தெரியாம அப்படி எழுதியிருக்காங்க. விலையைப் பாருங்க. ஃபேன் பெல்ட்னா சில நூறு ரூபா. கிட்டுன்னு ஆயிரக்கணக்குல போட்டிருந்தா பொய்.

செயின்னா வாழ்நாள் முழுக்க வரும்னு சொல்லுவாங்க. ஆயில் நேரத்துக்கு மாத்தினா வரும். இந்த எஞ்சின்ல ஆயில் சுமார் 3 லிட்டர்தான் கொள்ளும், அவ்வளவு கொஞ்ச ஆயில்தான் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் டர்போ பேரிங்கையும் காப்பாத்துது. 10,000க்கு மாத்த வேண்டியதை 20,000 ஓட்டினா கசடு கட்டி, டென்ஷனருக்கு அழுத்தம் குறைஞ்சு, செயின் நீண்டு போகும். காலையில குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுறப்ப முன்பக்கம் ரெண்டு மூணு செகண்டுக்கு மேல கடகடன்னு சத்தம் வந்தா அதுதான். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு ஓனர்ட்ட சொல்லுங்க. போனதும் பானெட் மேல கையை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் போங்க.

டிப்ஸ்டிக்ல ஆயில் கறுப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, டீசல்ல மாத்தின சில நூறு கிலோமீட்டர்லயே கறுத்துடும். ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி உள்ள பாருங்க. தார் மாதிரி கசடு ஒட்டியிருந்தா பில்லுல எத்தனை ஆயில் மாத்தம் எழுதியிருந்தாலும் நடக்கலை.

மீட்டருக்கு டயர் நல்ல சாட்சி. பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருசம். நாலுக்கும் ஸ்டெப்னிக்கும் குறிச்சுக்கோங்க, பள்ளத்தோட ஆழத்தையும் அளங்க. புது டயர்ல 8 மில்லிமீட்டர் வாக்குல இருக்கும், 1.6ல முடிஞ்சு போச்சு.

வெள்ளத்துக்கு: சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக்கோடு உள் சுருள்லதான் மிஞ்சும். சீட் ரெயில் போல்ட் துரு, ஸ்டெப்னிக் குழியில வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில கனெக்டர்ல பச்சை பூத்தது. வெளியில வாட்டர் வாஷ் பண்ணினவங்க இங்க எல்லாம் கை விட மாட்டாங்க.

ஓட்டிப் பாக்க ஊருக்குள்ள சுத்தாதீங்க. தென்மலையிலேருந்து ஆரியங்காவு ஏத்தத்துல நாலாவது கியர்ல அழுத்திப் பாருங்க. எஞ்சின் வேகம் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது.

ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) இருந்தா ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகி, எரர் கோடு (பழுதுக் குறியீடு) அழிச்சதுக்கு அப்புறம் ஓடின தூரத்தைப் பாருங்க. அந்த எண் மீட்டரை விடப் பெருசா வந்தா மீட்டரைத் திருப்பியாச்சு. சின்னதா வந்தா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது, போன வாரம்கூட அழிச்சிருக்கலாம்.

குற்றாலம் சாரல்

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் கேளுங்க. கிளெய்ம் இல்லாம அஞ்சு வருசம் ஓடினா என்.சி.பி., அதாவது நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி, 50 சதவீதம் வரும். ஒன்பது வருச வண்டிக்கு 20ன்னு போட்டிருந்தா அண்மையில கிளெய்ம் போயிருக்கு, இல்லன்னா பாலிசி விட்டுப் போயிருக்கு, இல்லன்னா இந்த ஓனர் பேர்ல வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது, ஏன்னா அந்தச் சலுகை ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்ல.

பேப்பர் வேலை சுருக்கமா: அரசாங்கத்தோட பரிவாகன் தளத்துல லோன் இருக்கா, சலான் பாக்கி இருக்கான்னு பாருங்க. புனலூர்லேருந்து ஃபாரம் 28 தடையில்லாச் சான்று வாங்காம முழுப் பணம் குடுக்காதீங்க. 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல வச்சிருந்தா இங்க நம்பர் மாத்தியாகணும், இங்க ஆயுள் வரியும் கட்டணும். அதையும் சேர்த்து விலை பேசுங்க.

செங்கோட்டை வாசி

எல்லாருக்கும் நன்றி. ஓனரும் கூட வந்தார், கம்பெனி ஹிஸ்டரி பாத்தாச்சு. 2018 டிசம்பர்ல 47,300ல சாதாரண சர்வீஸ் இருக்கு, வெள்ள வேலை எதுவும் இல்லை. ஆனா ஃபைல்ல இல்லாத இன்னொரு பதிவு இருக்கு: 2021 மார்ச், 81,600 கி.மீ., முன் பிரேக் பேட், ஆயில், ஃபில்டர். மீட்டர் மாத்தினதா எங்கயும் இல்லை.

2020 நவம்பர் பில்லுல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இருக்கு, செஸ் இல்லை. பின் டயர் ரெண்டும் 1821, ஆழம் 3 மில்லிமீட்டர். 2021 கடைசியில ஒரு புரோக்கர்ட்ட வாங்கினதாகவும், அந்த 2020 பில்லையும் அவரே குடுத்ததாகவும் ஓனர் சொல்றார். மத்த ரெண்டு பில்லைப் பத்திக் கேட்டா சரியா பதில் இல்லை. விலையில 60,000 குறைக்கிறேங்கறார். எடுக்கலாமா?

ஜாப் கார்டு

2021 மார்ச்சில் 81,600 ஓடிய வண்டி 2022 ஜனவரியில் 62,500 காட்ட முடியாது. மீட்டர் திரும்பியது உறுதி. 2019 ஏப்ரலிலிருந்து 81,600 வரை வகுத்தால் மாதம் 1,170, அதுதான் அந்த வண்டியின் நிஜ ஓட்டம். டயரும் அதையே சொல்கிறது. 2021 மே மாதம் தயாரான பின் டயர், மீட்டர் கணக்கில் 12,000 கூட ஓடியிருக்காது. முன் சக்கர இழுவை வண்டியில் பின் டயர் மெதுவாகத்தான் தேயும், அவ்வளவு ஓட்டத்தில் 5 மில்லிமீட்டர் போகாது. திருப்பியது புரோக்கராக இருக்கலாம், ஓனரே ஏமாந்தவராகவும் இருக்கலாம். அவரிடம் சண்டை வேண்டாம், திரையில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

டீசல் ஃபிட்டர்

லட்சத்துக்கு மேல ஓடின ஸ்விஃப்ட் டீசலை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆயில் பில் ஒழுங்கா இருந்தா. இங்க 2021 மார்ச்சுக்கு அப்புறம் நம்புற மாதிரி ஒரு ஆயில் பில்கூட இல்லை. இருக்கிறதுல ஒண்ணு, இல்லாத பெல்ட்டை மாத்தின பில். திருப்பின மீட்டரைப் பாத்து ஆயில் மாத்தியிருந்தாலும் எத்தனை தடவைன்னு யாருக்கும் தெரியாது. 60,000 குறைச்சா கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரிக்குச் சரியா போகும். டர்போவோ இன்ஜெக்டரோ போச்சுன்னா அந்தப் பணம் பத்தாது, செயினுக்கு எஞ்சினையே பிரிக்கணும்.

விட்டுடுங்க தம்பி. அடுத்த வண்டிக்கு அட்வான்ஸ் பத்திப் பேசுறதுக்கு முன்னாடியே ஓனரைச் சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிடுங்க.