பத்தாவது முடிந்தது: மாநகராட்சிப் பள்ளியிலேயே தொடரலாமா?

கொருக்குப்பேட்டை அம்மா:
மகள் ஆறாவதிலிருந்து எங்கள் ஏரியா மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாவதில் 412. நீட் எழுத வேண்டும் என்கிறாள். வட்டிக்கு வாங்கியாவது பதினொன்றாவதுக்குத் தனியாரில் சேர்ப்போம் என்று அவள் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்வது?

வண்ணாரப்பேட்டை அப்பா:
தனியாரில் போடுங்கள் சகோதரி. என் பெரியவனை நம்பிக்கையோடு அரசுப் பள்ளியில்தான் விட்டேன். பிசிக்ஸுக்கு ஆசிரியர் வந்தது அக்டோபரில். அதுவரை அந்தப் பீரியடில் சும்மா உட்கார்ந்திருந்தான். இரண்டு வருஷப் படிப்பில் நாலு மாதம் போனால் யார் திருப்பித் தருவார்கள்? தேர்ச்சி சதவீதத்தைப் பாருங்கள், தனியார்தான் முன்னால் நிற்கிறது.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்:
அந்த சதவீதம் எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும் ஐயா. ஒன்பதாவதில் பின்தங்கிய பிள்ளைக்கு டிசியைக் கையில் கொடுத்துவிட்டு, மார்க் பார்த்து குரூப் கொடுத்தால் நூறு சதவீதம் வரத்தான் செய்யும். அந்த டிசியோடு எங்களிடம் வந்தவர்களை நான் சேர்த்திருக்கிறேன். பீஸ் கட்ட முடியாமல் பாதியில் வந்தவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

ஒரு பையன் விடியற்காலை மூன்று மணிக்கு காசிமேடு ஏலத்தில் கூடை தூக்கிவிட்டு ஒன்பதரைக்கு வருவான். மணிக்கட்டில் மீன் செதில் ஒட்டியிருக்கும். முதல் பீரியடில் கண் சொருகும், எழுப்ப மாட்டேன். இரண்டாவது பீரியடில் அவனே எழுந்து, "மிஸ், விட்டதைச் சொல்லுங்க" என்பான். பிளஸ் டூ கணக்கில் அவன் எடுத்தது 41. பேப்பரில் வரும் பட்டியலில் அந்த 41 எங்கே தெரிகிறது?

வண்ணாரப்பேட்டை அப்பா:
டீச்சர், அந்தப் பையனுக்காக மனசு கனக்கிறது, உண்மையாகவே. ஆனால் இந்த அம்மா கேட்பது தன் மகளைப் பற்றி. பாடம் நடத்த ஆள் இல்லையென்றால் நல்ல மனசு மட்டும் போதாதே.

வியாசர்பாடி பழைய மாணவன்:
அக்கா, பணம் வாங்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்த சட்டம். 2021-இல் பொறியியலுக்கும் வந்தது, அதில் கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. உங்கள் மகள் ஐந்து வருஷம் முடித்துவிட்டாள். இப்போது மாற்றினால் அத்தனையும் போச்சு. என் சித்தி பெண் அப்படித்தான் மாறினாள், கவுன்சலிங் நேரத்தில்தான் விஷயமே தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. கல்லூரி சேர்ந்ததும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாயும் மாதாமாதம் கிடைக்கும். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியதே நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

வண்ணாரப்பேட்டை அப்பா:
ஒதுக்கீடு இருந்தாலும் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும் தம்பி. அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நான் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருகிறேன்.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்:
அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த குரூப்பையே எடுத்துவிட்டார்கள். வொர்க்‌ஷாப் பூட்டியே கிடந்தது. படிப்பு ஏறாத பையன்களுக்குக் கையில் ஒரு தொழில் கொடுத்த இடம் அது. இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன் அம்மா, நேரில் போய் எந்தப் பாடத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போன வருஷம் முதல் குரூப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா:
நேற்று போனேன். பிசிக்ஸ், பயாலஜி இரண்டுக்கும் டீச்சர் இருக்கிறார்கள். லேப் திறந்து காட்டினார்கள். கெமிஸ்ட்ரி இடம் காலி. போன வருஷம் முதல் குரூப்பில் 34 பேர், கல்லூரி சேர்ந்தது 29 பேர் என்று ஹெச்எம் நோட்டைப் பார்த்துச் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கெமிஸ்ட்ரிக்காக எழுதிக் கொடுக்க நாலு அம்மாக்கள் சேர்ந்திருக்கிறோம். 7.5 விஷயம் கேட்டதும் அவள் அப்பா வட்டிப் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கேயே சேர்க்கிறோம்.

வண்ணாரப்பேட்டை அப்பா:
சரி, நல்லது. கெமிஸ்ட்ரிக்கு ஆள் வரும்வரை என் பையன் எழுதிய நோட்டு இரண்டு வருஷத்துக்கும் இருக்கிறது. மகளை அனுப்புங்கள், தருகிறேன்.