ஓஇடி வாசிப்புத் தேர்வுக்குச் சொற்பட்டியல் போதுமா?

கேள்வி:
வணக்கம். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினேன். வாசிப்பில் 350 தேவைப்பட, 320 மட்டுமே கிடைத்தது. நாள்தோறும் 30 புதிய சொற்களை மனப்பாடம் செய்தும், 15 நிமிடத்தில் 20 கேள்விகள் கொண்ட முதல் பகுதியை முடிக்க இயலவில்லை. எவ்வாறு பயிற்சி செய்வது?

மறுமொழி 1:
முதல் பகுதியில் வரும் நான்கு சிறு பத்திகளையும் முழுமையாக வாசிக்காதீர்கள். தலைப்புகளையும் அட்டவணைகளையும் மேலோட்டமாகப் பார்த்து, எந்தச் செய்தி எதில் உள்ளது என்று மனத்தில் இருத்திக்கொண்டு கேள்விக்குச் செல்லுங்கள். விடையில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை.

மறுமொழி 2:
பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சகோதரி. பத்தியில் 'டிஸ்ப்னியா' (மூச்சுத்திணறல்) என்றிருப்பது கேள்வியில் அதே பொருளில் 'பிரெத்லெஸ்னெஸ்' என்று வரக்கூடும் என்பதால், ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்தே குறித்து வையுங்கள். (வார்டில் நீங்கள் அன்றாடம் புரட்டும் நோயாளிக் குறிப்பேடுகளே இதற்கு நல்ல பாடநூல்.) மூன்றாம் பகுதி முற்றிலும் வேறு: அங்குள்ள இரண்டு நீண்ட கட்டுரைகளில், நோய்ப் பெயர்களைக் காட்டிலும், எழுதியவர் உடன்படுகிறாரா ஐயுறுகிறாரா என்பதைக் காட்டிக்கொடுக்கும் 'சப்போஸட்லி' (அப்படிச் சொல்லப்படுகிறது என்னும் ஐயத் தொனி) போன்ற சிறு சொற்களே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அத்தகைய சொற்களை நான் கவனித்ததே இல்லை. இரண்டாம், மூன்றாம் பகுதிகளுக்குச் சேர்த்துத் தரப்படும் 45 நிமிடத்தை எவ்வாறு பிரிப்பது?

மறுமொழி 2:
இரண்டாம் பகுதியில் ஆறு கேள்விகளே உள்ளன. 10 நிமிடத்திற்கு மேல் அங்கே தங்காதீர்கள்.