'எதிர்பார்ப்பு' வேண்டாம், 'முன்னடக்கம்' சரிவருமா?

வணக்கம். காப்புரிமையில் (பேட்டன்ட்) வரும் 'ஆன்டிசிபேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த உரையாடலில், 'எதிர்பார்ப்பு' என்று போட்டிருப்பதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அங்கே யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. பின்னால் வந்தவர் கோருவது அத்தனையும் முன்பே ஒரே ஆவணத்திலோ ஒரே கருவியிலோ இருந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

அதற்குப் பதிலாக இங்கே ஒரு தங்கச்சி சொன்ன 'முந்துகை' காதுக்கு இதம்தான், ஆனால் ஓர் உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். ஹட்டன் பக்கம் ஒரு பட்டறைத் தம்பி, கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைத் தறித்த மலையில் குனியாமல் மிலாறு (வெட்டி விழுந்த குச்சிகள்) பொறுக்க ஒரு பிடிகருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட தண்டு, கைப்பிடியில் விசை, நுனியில் ரப்பர் பதித்த தாடை, விரலை எடுத்தாலும் பிடி விடாத பூட்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் அவருடைய உரிமைக்கோரல், அதாவது தன் புதுமை என்று அவர் காப்புரிமை கேட்பது. குப்பை பொறுக்கும் பழைய இடுக்கி ஒன்றில் முதல் மூன்றும் இருக்கின்றன, பூட்டு இல்லை. காலத்தால் அது முந்தியதுதான், ஆனாலும் கோரலின் புதுமையை அது கெடுக்காது. 'பூட்டுக் குறட்டில் பூட்டு இருக்கிறதே' என்று இரண்டையும் ஒட்டவைத்தால் அது 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்ற வேறு கேள்வி, அதற்கு வேறு சொல் வேண்டும்.

மறுபக்கம், நான்கும் கொண்ட ஒரு கருவி எங்கோ கடைத் தட்டில் டின் எடுக்க விற்கப்பட்டிருந்தால் தம்பியின் கதை முடிந்தது, மிலாறுக்கு என்று அது செய்யப்படவில்லை என்பது உதவாது. பாப்கார்ன் கொட்டும் கூம்பு ஒன்றுக்கு உரிமை கேட்டவருக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் 1997இல் இதே கதிதான். எண்ணெய்க் கேனுக்கான பழைய கூம்பு மூக்கு ஒன்றின் வடிவமே அந்த வேலையையும் செய்யும் என்று மறுத்துவிட்டார்கள். நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் உலகில் எங்கே வெளியானாலும் கணக்கில் எடுக்கிறது, அச்சில் வந்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, பாவனையில் இருந்தாலும் சரி.

ஆகவே 'முன்' மட்டும் போதாது, 'முழுதும் உள்ளே' என்பதும் சொல்லில் தெரிய வேண்டும். அதனால்தான் 'முன்னடக்கம்' என்கிறேன். 'இந்தக் கோரல் பழைய இடுக்கியில் முன்னடங்கியுள்ளது', 'முன்னடங்கவில்லை' என்று வினையாகவும் ஓடுகிறது. வெளிப்படையாக எழுதாமல் அமைப்பிலேயே பொதிந்திருந்தால் 'உள்ளுறை முன்னடக்கம்' எனலாம், அந்த எண்ணெய்க் கேன் மூக்கு இந்த வகைதான்.

ஒரே உறுத்தல், 'அடக்கம்' என்றதும் எங்கள் ஊரில் முதலில் மயானம்தான் நினைவுக்கு வரும். தம்பியின் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அது பெரிய பிழையும் இல்லை. அண்ணன்மார் 'முன்பொதிவு' என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதை வினையாக்கி ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.