எஸ்எஃப்எஃப் கேபினெட், 180 வாட் எஸ்எம்பிஎஸ்: எந்த கிராபிக்ஸ் கார்டு உட்காரும்?

கோவில்பட்டி_எடிட்டர் (கேள்வி)

வணக்கம். என்னிடம் இருப்பது ஆபீஸ்களில் கழித்துவிட்டு விற்கிற ரிஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர், எஸ்எஃப்எஃப் வகை, அதாவது ஒல்லியான சின்னப் பெட்டி. ஐ5-7500 ப்ராசசர், 16 ஜிபி ராம், 180 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசசரிலேயே இருக்கும் எச்டி 630-ஐ வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அண்ணி ஒரு சமையல் சேனல் நடத்துகிறார். அதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 1080பி எடிட்டிங் என் பொறுப்பு. கலரைச் சரிசெய்து, மேலே ஒரு டைட்டில் போட்டாலே ப்ளேபேக் திக்கித் திணறுகிறது. அண்ணன் மகன் லீவுக்கு வந்தால் ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்பான், அதுவும் ஓடினால் நல்லது.

கடையில் விசாரித்தேன். ஒற்றை ஃபேன் வைத்த ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைக் காட்டி, "சின்ன கார்டுதான், எதிலும் உட்காரும்" என்றார்கள். வாங்கலாமா? பின்பக்க பிராக்கெட்டிலிருந்து டிரைவ் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்தேன், 19 செ.மீ. வருகிறது. கிராபிக்ஸ் கார்டு செருகும் எக்ஸ்16 ஸ்லாட்டை அடுத்து ஒரு சின்ன எக்ஸ்4 ஸ்லாட், அதைத் தாண்டி எஸ்எம்பிஎஸ். கார்டுக்கு என்று தனி பவர் வயர் எதுவும் வரவில்லை. மானிட்டரில் எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் உண்டு. பட்ஜெட் 20,000 ரூபாய்.

வைகைக்கரை

இவ்வளவு சிரமம் எதற்கு? போர்டைக் கழற்றிப் பெரிய கேபினெட்டுக்கு மாற்றிவிடுங்கள். 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று போட்டால் எந்த கார்டும் ஓடும்.

சாலிடர்_மதுரை

அந்த வழி இதற்குச் சரிவராது. இந்த மாதிரி ஆபீஸ் மெஷின்களில் பெரும்பாலும் போர்டின் திருகு ஓட்டை, பவர் கனெக்டர், முன்பக்க பட்டன் வயர் எல்லாமே அந்த கம்பெனியின் சொந்த அளவு. சாதா எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டவே தனி அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். இருக்கிற பெட்டிக்கு ஏற்ற கார்டைத் தேடுவதுதான் சரி.

முதலில் அந்த 1650 விஷயம். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஒற்றை ஃபேன் கார்டு நீளத்தில்தான் சின்னது. அதன் உயரம் சாதாரண கார்டின் உயரமேதான், சுமார் 111 மி.மீ. உங்கள் பெட்டிக்குத் தேவை லோ புரொஃபைல், அதாவது 69 மி.மீ. உயரம். அந்த கார்டை ஸ்லாட்டில் செருகிவிடலாம், ஆனால் மூடியை மூட முடியாது. கடையில் நீளத்தை மட்டும் சொன்னால் போதாது: உயரம், நீளம், தடிமன் மூன்றையும் கேளுங்கள். 1650-யிலேயே லோ புரொஃபைல் கார்டுகளும் வந்திருக்கின்றன, பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது.

அடுத்து கரண்ட். எக்ஸ்16 ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம், அதுவே உங்கள் எல்லை. சில பழைய எஸ்எஃப்எஃப் மெஷின்களில் கம்பெனியே அதைவிடக் குறைவாக வரம்பு வைத்திருக்கும், மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் ப்ராசசர் 65 வாட், கார்டு 70 என்று வைத்தால் 135. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்தாலும் 180-க்குள் அடங்கும். உள்ளே பழைய ஹார்டு டிஸ்கோ டிவிடி டிரைவோ சும்மா கிடந்தால் கழற்றிவிடுங்கள்.

டிரைவ்களுக்குக் கரண்ட் தரும் சாட்டா வயரிலிருந்து கார்டுக்கு 6 பின் பவர் எடுக்கும் அடாப்டர் ஒன்று நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் பக்கமே போக வேண்டாம். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் மொத்தம் 54 வாட்டுக்குத்தான் தாங்கும், 6 பின் கார்டோ 75 வரை இழுக்கும். அந்த பிளாஸ்டிக் உருகிக் கருகிய மெஷின்கள் சர்வீஸுக்கு வருகின்றன. அதனால்தான் ஆர்டிஎக்ஸ் 4060 லோ புரொஃபைலில் வந்தாலும் உங்களுக்கு ஆகாது, அது 115 வாட், தனி பவர் வயர் கேட்கும்.

இப்போது கார்டுக்கு வருவோம். என் முதல் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, லோ புரொஃபைல் மாடல். 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட், தனி வயர் வேண்டாம். 6 ஜிபி என்பதை அழுத்திச் சொல்லி வாங்குங்கள். அதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டு 130 வாட், அது வேறு. ரிசால்வ் கார்டின் மெமரியை நன்றாகச் சாப்பிடும். 4 ஜிபி கார்டில் கொஞ்சம் எஃபெக்ட் கூடினாலே மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடும், அதனால்தான் 6 ஜிபிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

ஆர்எக்ஸ் 6400-ஐ யாராவது சொல்வார்கள். 53 வாட், அளவிலும் அருமையான கார்டு. ஆனால் போர்டோடு டேட்டா பரிமாற அதற்கு நான்கே லேன் (பாதை). உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் வேகம் குறையும். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் கிடையாது. எடிட்டிங் செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இன்டெல் ஆர்க் ஏ380-யும் 6 ஜிபிதான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாமல் அது நொண்டும். ஏழாம் தலைமுறை ஆபீஸ் போர்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாகத் தடிமன். லோ புரொஃபைல் 3050 பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் அகலம், 40 மி.மீ. சுற்றி வரும். உங்கள் பெட்டியில் அதன் ஃபேன் எஸ்எம்பிஎஸ்ஸின் தகரத்தைப் பார்த்து நிற்கும். நடுவில் காற்று போக இடம் வேண்டும். ஒரு தெர்மோகோலை 175-க்கு 69-க்கு 40 மி.மீ. என்று வெட்டி, கார்டு நிற்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஸ்கேலில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

ரிச்சி_தெரு_ரசிகன்

இரண்டு ஸ்லாட் இடம் இல்லையென்றால் என்விடியாவின் ஒர்க்ஸ்டேஷன் கார்டான டி1000 (T1000) பாருங்கள். ஒற்றை ஸ்லாட், லோ புரொஃபைல், 50 வாட். 4 ஜிபி, 8 ஜிபி இரண்டும் உண்டு, 8 கிடைத்தால் விடாதீர்கள். எல்லாமே மினி டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டாக வாங்கினால் இரண்டு விஷயம். கார்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் திருகும் தகடான பிராக்கெட், குட்டையானது கையில் இருக்கிறதா என்று பாருங்கள், விற்பவர்கள் அதைத் தொலைத்துவிட்டு நெட்டை பிராக்கெட்டோடு தருவார்கள். அப்புறம், கடையிலேயே மாட்டி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சிப்பில் கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்கிற போலிகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

கோவில்பட்டி_எடிட்டர்

சாலிடர் அண்ணா, ரொம்ப நன்றி. தெர்மோகோல் வெட்டி வைத்துப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது. உயரமும் சரி, மூடி மூடுகிறது. ஆனால் முன்பக்க முனை, போர்டில் செருகியிருக்கும் சாட்டா கேபிளின் தலையில் இடிக்கிறது. நீளத்தை அளந்தபோது அது கண்ணில் படவில்லை. என்ன செய்யலாம்?

சாலிடர்_மதுரை

ஒரு விரல் இடைவெளி தாராளம். கேபிளுக்கு எல் வடிவத் தலை உள்ள சாட்டா கேபிள் கிடைக்கும், விலை சொற்பம். தலை எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள், மேல் மடிப்பு, கீழ் மடிப்பு என்று இரண்டு விதம் உண்டு. போர்டில் எம்.2 ஸ்லாட் இருந்து எம்.2 வகை எஸ்எஸ்டிக்கு மாறினால் கேபிளே வேண்டாம்.

கார்டு மாட்டியதும் எச்டிஎம்ஐ வயரைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. கம்ப்யூட்டரின் பயாஸில் மல்டி டிஸ்ப்ளே என்று ஓர் அமைப்பு இருந்தால் அதை ஆனில் வையுங்கள். எச்டி 630-இன் வீடியோ வசதியான குயிக் சிங்க்கும் கூடவே உயிரோடு இருக்கும், செல்போனில் எடுத்த வீடியோக்களைத் திறக்க அது உதவும். முதல் ஒரு மணி நேரம் ரிசால்வில் வேலை கொடுத்துக்கொண்டே சூட்டைக் கவனியுங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் மூடியின் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், ரிஃபர்பிஷ்டு மெஷினில் பெரும்பாலும் அதுதான் காரணம்.